எட்டு லட்சத்தின் வாயில் அக்காவின் குரல்

வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, எட்டு லட்சம் பிரதி விற்ற நாவலாசிரியர் வானொலி நிலையத்தின் இரண்டாம் எண் அறையில் பதில் சொல்ல வாயைத் திறந்தார், அதிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க குரல். கொஞ்சம் கரகரப்பு. வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்து கீழே இறங்கிவிடுகிற குரல். "நான் கையை விடல," என்றது. அதுவரை பதினோரு நிமிஷம் அவர் சொந்தக் குரலில்தான் பேசியிருந்தார். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், எந்த ஜன்னலைப் பார்த்து எழுதுவார், மழைக்காலத்தில் ஏன் பச்சை மை என்றெல்லாம் சொல்லியிருந்தார். ஒலிப்பதிவாளர் வயரை மாற்றினார், பிறகு மைக்கை மாற்றினார், கடைசியில் உள்ளே போய் நாவலாசிரியரின் உதட்டருகே தன் காதை வைத்துப் பார்த்தார். இருபது வருடமாக நிலையத்தில் அவருக்குக் காது என்றுதான் பெயர். வெளியே வந்து, "கோளாறு மெஷின்ல இல்ல, வாயில," என்று பதிவேட்டில் எழுதிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த நிகழ்ச்சி பத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்துகொண்டிருந்தது. அமோகமாக விற்கிற நாவலாசிரியர்கள் வாரத்துக்கு மூன்று பேர் வந்து உட்கார்ந்து புதுப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். நிலையத்தில் அவர்களை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. மூன்று லட்சம் வந்துவிட்டாரா, ஐந்து லட்சத்துக்குச் சர்க்கரை வேண்டாமாம் என்றுதான் பேச்சு. கேள்வி கேட்பவரை வெண்கலம் என்பார்கள், குரல் அப்படி. வெண்கலம் இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு நாவல்கூடப் படித்ததில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை, மஞ்சள் அட்டைகளில் கேள்விகள் வந்துவிடும், அதை வாசிப்பார். அட்டையில் இருப்பதையெல்லாம் வாசிப்பார். ஒருமுறை 'இங்கே மெல்லச் சிரிக்கவும்' என்பதையும் வாசித்தார். அது ஏதோ பெரிய தத்துவம் என்று நேயர்கள் நாற்பது கடிதம் எழுதினார்கள்.

அட்டைகளை எழுதியவள் பின்கட்டில், பழைய ஒலிநாடா அடுக்கியிருந்த அறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். கேள்விக்காரி என்பார்கள். வாரத்துக்கு மூன்று நாவல் அவள் மேஜைக்கு வரும், ஒவ்வொன்றும் செங்கல் கனம். அதனால் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. முதல் முப்பது பக்கம், கடைசி முப்பது பக்கம், பின்னட்டை. இதைக் கொண்டு பதினோரு கேள்வி எழுதிவிடலாம், எந்த நாவலாசிரியரும் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. நான்காவது அட்டை மட்டும் எல்லோருக்கும் ஒன்றேதான். இந்தப் பாத்திரம் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? அதற்குப் பதிலும் பத்தொன்பது வருடமாக ஒன்றேதான். முழுக்க முழுக்கக் கற்பனை.

எட்டு லட்சமும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்த குரல் நான்கு நிமிஷம் பேசியது. வெள்ளம், இரண்டு பிள்ளைகள், ஒரு லாரி என்று தொடங்கி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கேள்விக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த இடத்தில் முடிந்தது. அது அவளுடைய அக்காவின் குரல். பிறந்ததிலிருந்து முப்பத்தெட்டு வருடம் கேட்ட குரல். பிறகு வெண்கலம் ஐந்தாவது அட்டையை எடுத்துப் புத்தகத்தின் அட்டைப்படம் பற்றிக் கேட்டதும் நாவலாசிரியருக்குத் தன் குரல் திரும்பிவிட்டது. அவர் முதலில் தண்ணீர் குடித்தார், இரண்டாவதாகக் கத்தினார். மறுபடி பதிவு செய்யச் சொன்னார். நான்கு முறை செய்தார்கள். நான்கு முறையும் நான்காவது அட்டையில் அக்கா வந்தாள்.

அக்கா அப்போது ஊரின் மறுகோடியில் ஒரு மருத்துவமனையில், எலும்பு முறிந்து தேறுபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற அறையில் வேலையில் இருந்தாள். அங்கே அவள் உதவியாளர். முழங்காலை மடக்கி நீட்டுவது, வெந்நீர்ப் பை வைப்பது, கம்பியைப் பிடித்து நடக்கிறவர்களுக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு போவது எல்லாம் அவள் பொறுப்பு. பத்தேகாலுக்கு ஒரு பெரியவரிடம் "மடக்குங்க" என்று சொல்லப் போனபோது சத்தம் வரவில்லை. சளி என்று நினைத்தாள். நான்கு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. மறுபடி போயிற்று. ஒரே குரல் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பது அவளுக்கு யாரும் சொல்லாத விஷயம். பதினொன்று ஐந்துக்கு, மூன்றாவது முறை போயிருந்தபோது, விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் போனில் கூப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் கேள்விக்காரி வேலை விட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"'என்னைக் காப்பாத்தத்தான் தம்பி கையை விட்டியாம்மா'ன்னு கேட்டா. இல்லடீங்கறேன், வாய்தான் அசையுது. நாலு நிமிஷம் லைன்ல நின்னா. என் மூச்சு மட்டும்தான் கேட்டிருக்கும். 'சரிம்மா, புரியுது'ன்னு சொல்லிட்டு வச்சுட்டா. அப்புறம் எடுக்கவே மாட்டேங்குறா."

"குரல் வந்ததும் மெசேஜ் அனுப்ப வேண்டியதுதானே?"

"அனுப்பினேன். 'முன்னபின்ன தெரியாத ஆளுகிட்ட உண்மையைச் சொல்லுவ, என்கிட்ட பொய் சொல்லுவ'ன்னு பதில் வந்துச்சு. ஏதோ புக்குல இருக்காம். எனக்கு ஒண்ணும் புரியல."

கேள்விக்காரி பையிலிருந்து நாவலை எடுத்தாள். நடுப்பக்கங்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எல்லாம் இருந்தது. பெண்பிள்ளையின் நீலப் பள்ளிப்பை, பையனின் ஒற்றைச் செருப்பு, தாயின் உடைந்த கடைவாய்ப்பல், பாலத்துக்கடியில் இடுப்பளவு ஏறிய தண்ணீர். மகள் அடையாளம் கண்டுகொண்டது அதனால்தான். ஒன்றே ஒன்றைத்தான் நாவலாசிரியர் மாற்றியிருந்தார். நாவலில் வருகிற தாய், இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத்தான் கரை சேர்க்க முடியும் என்று கணக்குப் போட்டு, பையனின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலிருந்து பிரித்து விடுகிறாள். அதற்கு மூன்று பக்கம் எடுத்திருந்தார். அழகாக எழுதியிருந்தார். அந்த மூன்று பக்கத்தைப் படித்து அழுதவர்கள்தான் எட்டு லட்சம் பேர்.

அக்கா புத்தகத்தின் பின்னட்டைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முழங்கால்காரரு!" என்றாள். மூன்று வருடத்துக்கு முன் படியில் விழுந்து முட்டி உடைந்து நாற்பது நாள் அவளிடம் பயிற்சிக்கு வந்தவர். மடக்கும்போது வலி தாங்காமல், நீ ஏதாவது பேசும்மா, பேசினா வலி தெரியாது என்பார். முதலில் பக்கத்து வீட்டுக் கதை சொன்னாள். பதினைந்தாவது நாள் பாலத்துக் கதையைச் சொன்னாள். பெற்ற மகளிடமும் கூடப்பிறந்தவளிடமும் முழுதாகச் சொல்லாததை, நாற்பதாவது நாள் நடந்து போய்விடப்போகிற ஆளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவரும் நன்றாகக் கேட்டார், அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று. கடைசி நாளில் தன்னுடைய பழைய நாவல் ஒன்றை, வேறு யாரோ பெண்ணின் பெயருக்குக் கையெழுத்துப் போட்டு, பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

"இது வந்து எத்தனை நாளாச்சு?"

"மூணு மாசம்க்கா."

"உன் வேலையே புக்கு படிக்கறதுதானே. இதைப் படிக்கலையா நீ?"

"படிச்சேன்க்கா. முதல் முப்பது பக்கம், கடைசி முப்பது பக்கம்."

அக்கா ஒட்டியிருந்த பக்கங்களை விரலால் பிரித்தாள். "என் புள்ள நடுவுல இருந்தான்டி," என்றாள்.

அதன் பிறகு நிலையத்தில் நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடலாம், வெட்கப்பட ஒருவரும் இல்லாததால் எல்லாம் வேகமாகத்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை, காது அந்த நான்கு நிமிஷத்தை வெட்டி எடுக்கும்படி உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி அது இல்லாமல் வந்தது, பச்சை மை இருந்தது. திங்கட்கிழமை நாவலாசிரியர், தன் குரலை யாரோ திருடிவிட்டதாக நான்கு பக்கப் புகார் கொடுத்தார். ஒரு கலைஞனின் உடைமையில் கைவைப்பது எவ்வளவு ஈனமான செயல் என்று அதில் எழுதியிருந்தார், இரண்டு இடத்தில் அடிக்கோடு. நிலைய அதிகாரி அதைப் படித்துக் கண் கலங்கினார். தொண்டை மருத்துவர் ஒருவர் வந்து நாவலாசிரியரின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து, உள்ளே ஒருவரும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை கேள்விக்காரி அதிகாரியின் அறைக்குப் போனாள். நாவலாசிரியரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"குரல் எங்க அக்காவோடது சார். புகாரை அவங்கதான் குடுக்கணும்."

"இது ரேடியோ ஸ்டேஷன்மா, கோர்ட்டு இல்ல," என்றார் அதிகாரி.

நாவலாசிரியர் கோபப்படவில்லை. மாணவிக்குப் பாடம் சொல்வதுபோலத்தான் பேசினார். "இதோ பாரும்மா, கையைப் புடிச்சிருந்தா அது செய்தி. பேப்பர்ல நாலு வரி. விட்டாத்தான் நாவல்."

"அப்ப உங்க புள்ளை கையை விட்டு எழுதுங்க."

"எனக்குப் புள்ளை இல்ல."

"எங்க அக்காவுக்கு இருந்தான் சார். அதான் எடுத்துக்கிட்டீங்களா?"

அவளை வெளியே போகச் சொன்னார்கள். ஆனால் நாவலாசிரியர் அன்றே ஒரு முடிவு செய்திருந்தார். தன் குரல் தன்னுடையதுதான் என்று ஊருக்கு நிரூபிக்க, அடுத்த ஞாயிறு நேரலையில் பேசப்போவதாக எல்லாப் பத்திரிகைக்கும் சொல்லிவிட்டார். வெட்ட முடியாது, மறுபடி எடுக்க முடியாது, நேயர்கள் தொலைபேசியில் கூப்பிடலாம். கேள்விகளை முன்கூட்டியே பார்த்து, நான்காவது கேள்வியை அடித்துவிட்டு, மற்றவற்றுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். கையெழுத்திட்ட தாள் அதிகாரியின் அலமாரியில் பத்திரமாகப் பூட்டப்பட்டது. அட்டைகளை யார் எழுதுவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. பின்கட்டில் உட்காருகிறவர்களை இந்த மாதிரி ஆட்கள் யோசிப்பதில்லை.

கேள்விக்காரி அந்த வாரம் வேறு எதையும் தொடாமல் நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். சனிக்கிழமை மத்தியானம் விடுதிக்குப் போய், வரவேற்பறையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, அக்கா மகளைப் பார்த்தாள். அந்தப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மாவுக்காகப் பேச வந்தீங்கன்னா போயிடுங்க சித்தி."

"உங்க அம்மாவை நம்ப வேணாம். அந்தாளை நம்புற இல்ல? நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்தாளையே கேளு."

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டி வந்து காதின் பக்கத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தாள். யார் இவங்க என்று காது கேட்கவில்லை. அவள் "வணக்கம் சார்" என்றதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அந்தப் பக்கம் நாவலாசிரியர் புதுச் சட்டையில் இருந்தார். ஆறு அட்டை வரை எல்லாம் சுமுகம். அவருடைய சொந்தக் குரல் அறை முழுக்க நிறைந்திருந்தது, அவருக்கே அது பிடித்திருந்தது. வெண்கலம் ஏழாவது அட்டையை எடுத்தார்.

"இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல அந்த அம்மா பையனோட கையை விடறாங்க. நிஜத்துல அந்தக் கை எங்க போச்சு? பதில் வர்ற வரைக்கும் குறுக்கே பேச வேண்டாம்," என்று, தனக்கு எழுதியிருந்த குறிப்பையும் சேர்த்து, வெண்கலக் குரலில் வாசித்தார்.

நாவலாசிரியர் வாயை மூடிக்கொள்ளத்தான் பார்த்தார். இரண்டு கையாலும் பொத்தினார். குரல் விரலிடுக்கில் வந்தது.

"நான் கையை விடல. இடுப்பளவு தண்ணி. வலது கையில பொண்ணு, இடது கையில பையன். பாலத்துக்கடியில ஒரு லாரி நின்னுச்சு, மேல அஞ்சாறு பேரு. ஒருத்தரு குனிஞ்சு, சின்னவனைக் குடும்மான்னாரு. மேல இருந்தா பத்திரம்னுதான் தூக்கிக் குடுத்தேன். ஒரு செருப்பு என் கையிலயே தங்கிடுச்சு. அவரு 'புடிச்சுட்டேன்மா'ன்னாரு. அதைக் காதால கேட்ட பிறகுதான் கையைக் கீழ எடுத்தேன். அடுத்து பொண்ணைத் தூக்கறேன், அதுக்குள்ள லாரி சாஞ்சிடுச்சு."

தொலைபேசிப் பலகையில் எல்லா விளக்கும் எரிந்தது. காது ஒன்றை மட்டும் இணைத்தார். எப்படித் தெரியும் என்று பிறகு விசாரணையில் கேட்டபோது, அந்த லைனில் மூச்சு விடுகிற விதம் அம்மா மாதிரியே இருந்தது என்றார்.

"அம்மா?"

"நேயரே, இங்க எழுத்தாளர்தான் இருக்காரு," என்றார் வெண்கலம்.

"தெரியும். அவரைச் சும்மா இருக்கச் சொல்லுங்க. அம்மா, இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

நாற்பது நாளில் சொன்ன கதையில் இதற்குப் பதில் கிடையாது. பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்காவின் உதடு அசைந்தது, அந்தப் பக்கம் எட்டு லட்சத்தின் வாயிலிருந்து ஒலி வந்தது. உதட்டுக்கும் ஒலிக்கும் நடுவே மயிரிழைகூட இடைவெளி இல்லை என்று காது பதிவேட்டில் எழுதியிருக்கிறார்.

"நீ ஆறு வயசுல, தம்பி எங்கன்னு ஒரே ஒரு தடவை கேட்ட. அப்புறம் கேக்கவே இல்ல. கேக்காத குழந்தைகிட்ட என்னன்னு சொல்றது?"

"அவரு கேட்டாருன்னு அவர்கிட்ட சொன்னியா?"

"நாப்பது நாள்ல போயிடுவாருன்னு சொன்னேன். போகலடீ."

"அன்னைக்குப் போன்ல ஏன் பேசல?"

"பேசினேன். குரல் இங்க இருந்துச்சு."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம். நாவலாசிரியர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருடைய வாய், அவருக்குச் சம்பந்தமில்லாமல், "அழாதடி, மூக்கடைச்சுக்கும்," என்றது.

"சனிக்கிழமை வரேம்மா."

"குடை எடுத்துக்க. எட்டரை பஸ்ல வா, அதுலதான் உக்கார எடம் கிடைக்கும்."

இதற்குப் பிறகு நியாயம் கிடைத்தது என்று எழுத ஆசைதான், ஆனால் நடந்தது அதுவல்ல. அந்த வருடம் முடிவதற்குள் எட்டு லட்சம் பதினான்கு லட்சம் ஆனார். வாயில் பெண்குரல் வருகிறதா என்று பார்க்கவே கூட்டம் வந்தது, வந்தவர்கள் புத்தகமும் வாங்கினார்கள். கேள்விக்காரி பதிப்பகத்துக்கு ஒன்பது கடிதம் எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. வாசகர்கள் அந்த இடத்தைத்தான் விரும்புகிறார்கள் என்று ஒரே ஒரு பதில் வந்தது. மறுவருடம் அவருக்குப் பெரிய விருது கொடுத்தார்கள். குரலற்றவர்களுக்குக் குரல் கொடுத்தவர் என்று பொன்னாடை போர்த்தி வாசித்தார்கள். அவர் மேடையில் நாற்பது நிமிஷம் பேசினார். அந்த நாற்பது நிமிஷமும் அக்கா, கம்பியைப் பிடித்து முதல் அடி எடுத்து வைக்கிற ஒரு லாரி ஓட்டுநருக்குப் பின்னால், ஒரு வார்த்தை தைரியம் சொல்ல முடியாமல், கையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

மற்ற நாவலாசிரியர்களுக்கும் அது தொற்றியது. மூன்று லட்சத்தின் வாயில் அவருடைய முதல் மனைவி பேசினாள். ஐந்து லட்சத்தின் வாயில் ஒரு சிறைக்காவலர் தொடங்கி, இடையில் ஒரு தையல்காரர் புகுந்து, இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான்காவது கேள்விக்கும் சொந்தக் குரலிலேயே பதில் சொன்னவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் சுமாராகத்தான் விற்றார்கள். நிலையம் முதலில் பதறியது, பிறகு கமிட்டி போட்டது, பிறகு பழகிவிட்டது. விண்ணப்பப் படிவத்தில் 'வரக்கூடிய குரல்கள்' என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள். கேள்விக்காரி முழுப் புத்தகமும் படிக்கத் தொடங்கியதால் வாரத்துக்கு ஒரு நாவலுக்கு மேல் முடியவில்லை. நிகழ்ச்சிக்கு மூன்று பேர் வந்த இடத்தில் ஒருவர் என்று ஆயிற்று, அதைப் பற்றி யாரும் புகார் கொடுக்கவில்லை.

மகள் படிப்பு முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அம்மாவைக் கூப்பிடுகிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நாள் அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிடும். அந்தாளு எங்கயோ வாயைத் தொறந்துட்டான் என்று மகள் சொல்லிவிட்டு, போனை வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பிப்பாள். அம்மாவின் மூச்சு மட்டும் அறையில் கேட்டுக்கொண்டிருக்கும். போன வாரம் புதிதாக வாங்கிய சிவப்புச் சட்டையைப் பற்றிப் பேசும்போது அப்படி நின்றது. பன்னிரண்டு நிமிஷம். மகள் துணியெல்லாம் மடித்து, அலமாரியில் அடுக்கி, டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "தனியா ஊற வை," என்று அம்மா விட்ட வாக்கியத்தை முடித்தாள், "சாயம் போகும்."